புனங்காவலும் பிள்ளைக்காவலும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாக நிமிர்ந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் பரந்து கிடக்கும் பதினான்கு நாடுகளைக் காணலாம். நாடு என்னும் பழஞ்சொல் இம்மலையில் சிற்றூர்த் தொகுதிக்குப் பெயராக இன்றும் வாழ்கின்றது. அப்பதினான்கனுள் ஒன்று பெரக்கரை நாடு.

இந்நாடுகளில் வாழ்வோர் மலையாளி எனப்பெறும் பழங்குடியினர். (மலைமேல் வாழ்வார் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது, கேரளத்தாரைக் குறிப்பதன்று.) சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்தம் முன்னோர் வளர்த்த பயிர்கள். வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை, பாலாந்தினை என்று விதைகளை வகை பிரித்தறிந்து காத்து வந்தவர் அவர். பின்னர் மரவள்ளி வந்து புகுந்து, சாமை விளைந்த புனங்களுள் பெரும்பகுதியைத் தனதாக்கிக் கொண்டது. கிழங்கு மலையிறங்கிச் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கின்றது. மிளகும் காப்பியும் வாழையும் அன்னாசியும் பணம் தரும் பயிர்களாயின. இவை அனைத்திலும் பிள்ளைகளின் கை உண்டு. ஆடு மேய்த்தல், களை பறித்தல், கதிர் கொய்தல், உதிர்ந்த மிளகைப் பொறுக்குதல், முற்றத்தில் உலர்த்தியதைக் கோழி கிளறாமல் காத்தல் ஆகியவை மலையிற் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கு முன்பே தொடங்கிவிடும் பாடங்கள்.

இத்தகைய பணிகளுக்கு விதி வேண்டுமா என்பது உலகெங்கும் நெடுநாளாய் நிகழ்ந்துவரும் வழக்கு. உலகில் தொழிலாளராய் உழைக்கும் சிறார் 13.8 கோடியர் என்றும், அவருள் நூற்றுக்கு 61 பேர் உழவு சார்ந்த பணிகளில் உள்ளனர் என்றும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெஃப் நிறுவனமும் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு கூறுகின்றது. ஆலையும் சுரங்கமும் அன்று, வயலே மிகப் பல சிறாரின் பணிக்களம் என்பது இதனால் விளங்கும். ஒரு சாரார், உழவு வெறுந்தொழில் அன்று, வாழ்க்கை முறை. தந்தையின் பின் நடந்து மகன் கற்பதையும் தாயின் அருகிருந்து மகள் கற்பதையும் அரசு அளந்து பார்த்தல் தகாது என்பர். மற்றொரு சாரார், பிள்ளையின் இடம் பள்ளியே. புனத்தில் அவனுக்கு வேலை ஒன்றும் இல்லை என்பர். இருவரும் குரல் உயர்த்திப் பேசுகின்றனர். ஏணியிலிருந்து விழுகின்ற பிள்ளையைப் பற்றிய பேச்சு அக்குரல்களுக்கிடையே கேளாது போகின்றது.

முதற்சாரார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எந்தச் சாமை எந்தச் சரிவில் நன்கு முளைக்கும், எக்கதிரை விதைக்கென ஒதுக்குவது என்பன ஏட்டில் எழுதிய அறிவல்ல. கண்ணும் கையும் பழகிப் பெறும் அறிவு அது. ஒரு தலைமுறை அதனைக் கற்காதொழியுமாயின் அவ்விதைகளும் அத்தலைமுறையோடு ஒழியும். ஆதலின் பிள்ளையைப் புனத்திலிருந்து முற்றும் விலக்குக என்னும் கூற்று மலைவாணர்க்கு ஏற்புடையதன்று.

குறிஞ்சி நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் இளமகளிர் தினைப்புனம் காத்ததைப் பன்முறை கூறியுள்ளனர். தழல், தட்டை, குளிர் முதலான கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டுவதே அவர்தம் பணி. இதனை எடுத்துக்காட்டி, பிள்ளைகள் உழைத்தல் தமிழர் மரபே என்று முடிவு கட்டுவாரும் உளர். பாட்டைச் சட்டமாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாடு ஒருபுறம் இருக்க, அவர்கள் அப்பாட்டுகளையும் முழுதுறக் கண்டாரல்லர். புனத்தில் இதணம் என்னும் பரண் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. புனங்காக்கும் பெண் அதன்மேல் இருந்தாள். பன்றியும் யானையும் திரியும் மலையில் மகளைக் காவலுக்கு அனுப்பிய பெற்றோர், அம்மகளுக்கும் ஒரு காவல் செய்தனர். அன்றியும், யானையையும் பன்றியையும் வெருட்டும் இரவுக்காவல் ஆடவருடையது. கிளியோட்டும் பகற்காவலே இளமகளிர்க்கு உரியதாயிற்று. எப்பணி எவர்க்கு என்று பிரித்தறியும் அறிவு அம்மரபின் உள்ளேயே இருந்தது. மரபைக் கூறுவோர் அப்பிரிவையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இனி, அரசு செய்தது யாது என்று காண்போர்க்கு வரலாறு சற்றுச் சிக்கலாகவே தோன்றும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்துதல் சட்டம் இயற்றப்பெற்றது. பதினான்கு வயது நிரம்பாதாரை அமர்த்தலாகாத தொழில்களின் பட்டியல் ஒன்று அதனுடன் இணைக்கப்பெற்றது. நாளடைவில் அப்பட்டியல் வளர்ந்தது. டிராக்டரும் கதிரடிக்கும் பொறியும் அறுவடைப் பொறியும் பயன்படும் உழவுப் பணிகள், தீவனம் நறுக்குதல், பூச்சிமருந்தைக் கையாளுதல் ஆகியன அதில் இடம் பெற்றன. எனினும் குடும்பத்தாரின் துணையோடு ஒருவன் நடத்தும் தொழிற்கூடத்திற்கு அத்தடை இல்லை என்று சட்டமே விலக்கு அளித்திருந்தது.

2016-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. பதினான்கு வயது நிரம்பாதாரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று தடை விரிந்தது, அது நன்று. அத்துடன் ஒரு விலக்கும் வந்தது. பள்ளி நேரம் கழிந்த பின்னும் விடுமுறையிலும் பிள்ளை தன் குடும்பத்திற்குத் துணை செய்யலாம். அப்பணி இடர்ப்பட்டியலில் உள்ளதாக இருத்தல் மட்டும் ஆகாது. பட்டியலோ அத்திருத்தத்தில் சுரங்கம், தீப்பற்றும் பொருளும் வெடிபொருளும், தொழிற்சாலைச் சட்டம் கூறும் இடர்மிகு செய்முறைகள் என மூன்றே இனங்களாகச் சுருங்கிற்று. நோபல் பரிசு பெற்ற கைலாசு சத்தியார்த்தி போன்றோர் குடும்பத்திற்கு அளித்த விலக்கைக் குறை கூறினர். 2017-இல் பட்டியல் மீண்டும் விரித்தெழுதப்பெற்றது. குடும்பத்தொழிலில் பிள்ளைகள் ஈடுபடலாகாத பணிகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்றும் சேர்ந்தது.

அவ்வாண்டில் வகுத்த விதிகள் வேறு வரம்புகளையும் இட்டன. பள்ளி நேரத்திலும், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரையிலும் பிள்ளையைப் பணியில் ஈடுபடுத்தலாகாது. ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளில் மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகாது. மாணவன் முப்பது நாள் தொடர்ந்து அறிவிப்பின்றிப் பள்ளிக்கு வாராதிருப்பின், தலைமையாசிரியர் உரிய அலுவலர்க்குத் தெரிவித்தல் வேண்டும். வருவாய் தரும் உற்பத்தியின் எந்நிலையிலும் பிள்ளையின் துணை அமையலாகாது என்பது மற்றொரு விதி. இதனை எழுத்துப்படியே கொள்வோமாயின் வியப்பான முடிவு ஒன்று கிடைக்கும். வீட்டுக் கஞ்சிக்கு விளையும் சாமையில் பிள்ளை களை பறிக்கலாம். சந்தைக்குச் செல்லும் மிளகில் உதிர்ந்த ஒரு மணியையும் பொறுக்கலாகாது. சாமையும் மிளகும் ஒருவரே வைத்திருக்கும் புனத்தில் இக்கோட்டை எங்கே கிழிப்பது? எழுதியவர் கருத்து நல்லதே. ஆயினும் வீட்டின் பின்புறத்துப் புனத்தில் மூன்று மணி நேரத்தை அளந்து நிற்கும் அலுவலர் எந்நாட்டிலும் இலர்.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது குடும்பம் என்னும் சொல். தாய், தந்தை, உடன்பிறந்தார், தந்தையோடு பிறந்தார், தாயோடு பிறந்தார் ஆகிய அனைவரும் குடும்பத்தார் என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. நகரத்திலிருந்து நோக்குவார்க்கு இது சிறியதொரு வட்டம். கொள்வினையும் கொடுப்பினையும் அருகருகே நிகழும் மலைச்சிற்றூரிலோ, பெரியப்பன், சிற்றப்பன், அத்தை, மாமன், சின்னம்மை என்று எண்ணிக்கொண்டே சென்றால் வட்டத்திற்கு வெளியே எஞ்சும் புனங்கள் எத்தனை? மாமன் தோட்டத்தில் மிளகு பறிக்கச் செல்லும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அச்சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்லன். மாமனுக்குத் துணை செய்யும் மருமகன். மாலையில் அவன் கையில் வைக்கும் பணம் கூலியா, பரிவா என்று யார் கூறவல்லார்? மலைவாணர் உறவைப் பெரிதாகப் போற்றுவோர். அது அவர்தம் சிறப்பு. அச்சிறப்பே பிள்ளைக்கு இட்ட வேலியில் பெருவாயிலாகத் திறந்து கிடக்கின்றது.

இதே சொல் கடல்கடந்தும் வழக்கை விளைத்தது. அமெரிக்க நாட்டில் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பதினாறு வயது நிரம்பாதாரை இடர்மிகு பண்ணைப் பணிகளில் அமர்த்துதல் தடுக்கப்பட்டுள்ளது. பெற்றோரின் சொந்தப் பண்ணையாயின் அத்தடை இல்லை. 2010-இல் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளம் நிறைந்த பெருங்குதிர் ஒன்றனுள் பணிக்கு இறங்கியோருள், பதினான்கு வயதினன் ஒருவனும் பத்தொன்பது வயதினன் ஒருவனும் தானியத்துள் புதைந்து மாண்டனர். தானியம் கீழே வடியும்போது அதன்மேல் நிற்பவனைச் சேறுபோல் உள்ளிழுக்கும் என்பதைப் பலர் அறியார். அடுத்த ஆண்டில் அந்நாட்டுத் தொழிலாளர் துறை விதிகளைக் கடுமையாக்க ஒரு முன்வரைவை வெளியிட்டது. கூலிக்கு அமர்ந்த சிறார் பொறிகளை இயக்குதலையும் குதிர்களில் பணி செய்தலையும் அது தடுக்கக் கருதிற்று. உழவர் பெருங்கூட்டம் வெகுண்டெழுந்தது. பாட்டன் பண்ணையிலும் மாமன் பண்ணையிலும் பிள்ளை வேலை செய்யலாகாதா என்பதே அவர் எழுப்பிய வினா. பெற்றோர் பண்ணைக்கு விலக்கு நீடிக்கும் என்று துறை கூறியும் சினம் தணியவில்லை. 2012 ஏப்ரலில் முன்வரைவு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. உறவுமுறை பற்றிய வழக்கில் தானியக் குதிர் பற்றிய விதியும் சேர்ந்து மூழ்கிற்று.

இரு நாட்டிலும் நேர்ந்த பிழை ஒன்றே. நிலம் யாருடையது, பிள்ளை யாருடையவன் என்று வினவுகின்றனர். பணி யாது, கருவி யாது என்பதன்றோ முதலில் வினவத்தக்கது?

கொல்லிமலை மிளகையே சான்றாகக் கொள்ளலாம். மிளகுக் கொடி சில்வர் ஓக் முதலிய நெடுமரங்களைப் பற்றி முப்பது அடிக்கும் மேலாக ஏறும். பழம் சிவக்கத் தொடங்கியதும் சரங்களைக் கையாற் கிள்ளி எடுத்தல் வேண்டும். அதற்குத் துணை மூங்கில் ஏணி. ஒற்றை மூங்கிலில் கணுக்களில் விட்ட முளைகளையே படியாகக் கொண்ட கண்ணேணியாயின், பாதத்தில் ஒரு பகுதியே அதில் ஊன்றும். (தேனெடுக்க வரையேறுவோர் கொண்ட மூங்கிலேணியைப் பழந்தமிழ் மால்பு என்று வழங்கிற்று, பெயர் மாறினும் பொருள் மாறவில்லை.) தை மாசியின் காலைப்பனி மூங்கிலை நனைத்து வழுக்கச் செய்யும். ஒரு கை கொடியை விலக்க, ஒரு கை சரத்தைக் கிள்ள, இடுப்பில் கட்டிய பை நிறைய நிறையக் கீழே இழுக்க, ஏணியைப் பற்றுவதற்கு மூன்றாவது கை ஏது? நுனியில் உள்ள சரம் எட்டாதபோது, உடல் இலேசான ஒருவனை ஏற்றினால் என்ன என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். அவ்வெண்ணத்தில் கொடுமை இல்லை. பழக்கமும் வறுமையுமே உண்டு. ஆயினும் விழுகின்றவன் மகனா, மருமகனா, கூலியாளா என்று பாறை பார்ப்பதில்லை.

விழுந்தபின் நிகழ்வதையும் கருதல் வேண்டும். கைகால் முறிந்த பிள்ளையை எழுபது வளைவுகளின் வழியே நாமக்கல்லுக்கோ சேலத்திற்கோ கொண்டு செல்ல நேரலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் விபத்துக்கு உள்ளாகும் உறுப்பினர்க்கு உதவி அளிக்கின்றது. உறுப்பினராவதற்குப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். ஆகவே அப்பிள்ளை சட்டத்தின் முன் தொழிலாளியும் அல்லன். திட்டத்தின் முன் உறுப்பினனும் அல்லன். தந்தையின் கடனேட்டில் மட்டும் அவனுக்கு இடம் உண்டு.

நஞ்சு மற்றொன்று. மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சி வகை ஒன்று 2020-இல் கேரளத்தில் காணப்பெற்றுப் பின் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பரவியது. உழவர் மருந்து தெளிக்கத் தலைப்பட்டனர். (அப்பூச்சியை அழிக்கும் சிறுகுளவி ஒன்று ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வருவிக்கப்பெற்று, 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிடப்பட்டது, மருந்தின் தேவையையே குறைக்கும் இத்தகைய முயற்சி எவ்விதியினும் மேலானது.) பூச்சிமருந்துக் கலத்தின்மேல் சதுரக் குறி ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சளாயின் அதற்கு அடுத்தது. நீலமும் பச்சையும் முறையே அவற்றிற் குறைந்தன. பச்சையும் நஞ்சே என்பதை மறத்தலாகாது. 2017-இல் மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தோருள் இருபதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வளர்ந்த ஆடவரின் உடலே தாங்காத ஒன்றை, எடை குறைந்து மூச்சு விரைந்து தோல் மென்மையாய் இருக்கும் பிள்ளையின் உடல் எங்ஙனம் தாங்கும்? தெளிப்பானைச் சுமப்பது மட்டுமே இடர் என்று எண்ணுவதும் பிழை. மருந்தைக் குச்சியாற் கலக்குதல், நனைந்த உடையைத் துவைத்தல், வெறுங்கலத்தில் நீர் முகத்தல் ஆகிய சிறுபணிகளே பிள்ளைகளிடம் வருவன. இங்கும் பிள்ளை செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. கலத்தின்மேல் உள்ளதை வட்டார மொழியிலும் அச்சிடுதல் வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் அதனைப் படித்துக் கூறவல்லவர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையே.

விதியைக் கருவியின்மேல் இடுதல் இயலாததொன்றன்று. கோதுமை விளையும் வடமாநிலங்களில் விசையால் இயங்கும் கதிரடிப்பொறிகள் பரவியபோது உழவர் பலர் விரலும் கையும் இழந்தனர். 1983-இல் இடர்தரும் எந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பொறியைப் பாதுகாப்புடன் செய்து விற்கும் கடமை செய்வோனைச் சார்ந்தது. கதிர் ஊட்டும் வாய்க்கு முன்னே கை எட்டாதபடி நீண்ட மூடுதொட்டி அமைத்தல் அப்பாதுகாப்புள் தலையாயது. அத்தொட்டி, கை யாருடையது என்று கேட்பதில்லை. முதலாளியின் மகனையும் கூலியாளின் மகனையும் ஒருபடித்தாகவே தடுத்து நிறுத்துகின்றது. கொல்லிமலையிலும் சாமையின் உமி நீக்கும் பொறிகள் வந்துள்ளன. உரலில் இடித்து இளைத்த பெண்டிரின் பாரம் அவற்றால் குறைந்தது. அப்பொறியில் சுழலும் வார்ப்பட்டைக்கு இரும்பு வலை மூடி இடுதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

வயதும் தனி வரம்பாகப் போதாது. மூன்று மணி நேரக் கணக்கும் இரவுத் தடையும் பதினான்கு வயது நிரம்பாதார்க்கே உரியன. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவன் பிறந்தநாள் கழிந்த மறுநாளே அவ்விதிகளின் நிழலிலிருந்து வெளியேறி விடுகின்றான். அவன் எலும்பு ஒரே இரவில் உறுதி பெற்றுவிடாது.

இவ்வளவும் கூறுதல் எளிது. செலவு யாருடையது என்று மலைவாணர் கேட்பர். கேட்பது முறையே. மகன் ஏறாவிடின் ஏறுதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். சிறுநிலம் உடையார்க்கு அக்கூலி மிளகு விலையில் பெரும்பங்காகும். இதற்கு விடை கூறாத விதி ஏழையின்மேல் இட்ட தண்டமே ஆகும். தாங்குமரத்தைக் கவாத்துச் செய்து கொடியை எட்டும் உயரத்தில் நிறுத்தலாம். விளைச்சல் சற்றுக் குறையினும் பறிப்புச் செலவும் குறையும். ஊருக்குப் பொதுவாக நல்ல ஏணிகளும் இடுப்புக் கயிறுகளும் வாங்கி வைக்கலாம். ஒருவர் தோட்டத்திற்கு மற்றவர் மாற்றாளாய்ச் சென்று உழைக்கலாம். வளர்ந்தோர் ஏற, இளையோர் கீழே நின்று பொறுக்கலாம். வேளாண்துறை ஏணிக்கும் கயிற்றுக்கும் மானியம் தருமாயின் அது பொருத்தமான செலவே.

எப்பணி எவ்வயதினர்க்கு என்னும் பட்டியலைத் தில்லியிலிருந்து எதிர்பார்த்திருத்தலினும், நாட்டுக்கு நாடு ஊர் கூடி எழுதிக்கொள்ளுதல் தகும். எந்த மரம் வழுக்கும், எந்தச் சரிவில் கால் நில்லாது, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பன அங்குள்ள முதியோர்க்கும் தாய்மார்க்கும் தெரிந்த அளவு வேறெவர்க்கும் தெரியா. சட்டத்தின் தடைகள் குறைந்த அளவாக நிற்க, அவற்றின்மேல் பெரக்கரை நாட்டுக்கு உரியவற்றைப் பெரக்கரை நாடே சேர்த்துக்கொள்ளலாம்: பன்னிரண்டு அடிக்கு மேல் ஏணி ஏறுதல், மருந்தைத் தொடுதல், ஓடும் பொறியருகே நிற்றல் ஆகிய மூன்றும், மகனாயினும் மருமகனாயினும் பதினெட்டு நிரம்பாதார்க்கு இல்லை என்று. களை பறித்தலும் விதை தேர்தலும் கிளியோட்டுதலும் முன்போல் நடக்கட்டும். இதற்கெனப் புதிய அவை ஒன்றும் வேண்டுவதில்லை. ஊராட்சிதோறும் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகின்றது. அவற்றுள் சனவரி 26 தை மாதத்தில் வருவது. கொல்லிமலையில் மிளகு சிவந்து, ஏணிகளை வெளியே எடுக்கும் பருவமும் அதுவே.